மலையேறிய ஆலையும் இறங்கிவந்த குளிரும்

பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைப் பிணிக்க நட்ட மரத்தூண்களும் கிடைத்தன. நீர் விலகிப் போயிற்று. ஆயினும் கட்டடம் தான் செய்த தொழிலை இன்றும் உரைக்கிறது. தொழில் ஓய்ந்த பின்னும் அவ்வாறு பாடம் புகட்டும் மற்றொரு கட்டடம் பழைய பீர் ஆலை. குடியைப் போற்றுவது நம் நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். நாம் அறியப் புகுவது அறிவியலை.

இலங்கையில், கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1849-ஐ ஒட்டிச் சிறிய ஆலையொன்றை அமைத்தார். 1881-இல் அவ்வூரில் வணிக அளவில் உற்பத்தி தொடங்கியது. சில ஆண்டுகளில், பஞ்சாப் மலைப்பகுதியில் தோன்றிய மர்ரி ஆலையார் அதனை வாங்கினர்.

மலைமேல் ஏன் ஏறினார்கள்? முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவு சர்க்கரையாகிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அப்போது வெப்பமும் பிறக்கிறது. வெப்பம் மிகுந்தால் வேறு கிருமிகள் பெருகிச் சரக்கு புளித்துவிடும். ஆகவே குளிர்ந்த காற்றும் தூய ஊற்றுநீரும் வேண்டியிருந்தன.

கட்டட அமைப்பும் இதே நியதிக்கு உட்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆலைகள் பல கோபுரம்போல் உயர்ந்தவை. தானியத்தையும் நீரையும் மேல்தளத்திற்கு ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். புவியீர்ப்பே அவற்றைத் தளந்தோறும் கீழே இறக்கும். தடித்த சுவர்களையுடைய நிலவறை குளிர்ச்சியைக் காத்தது.

1870-களில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் வான் லிண்டே, மியூனிக் நகர பீர் ஆலைக்காகக் குளிரூட்டும் பொறியொன்றைச் செம்மைப்படுத்தினார். குளிரைத் தேடி மனிதன் மலையேறிய காலம் மாறத் தொடங்கியது. பொறியின் வழியே குளிர் சமவெளிக்கு இறங்கி வந்தது. 1990-களின் இறுதியில் நுவரெலியா ஆலையின் உற்பத்தியும் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இடம்பெயர்ந்தது.

இன்று பூம்புகார் மீனவர் பிடித்துவரும் மீன் கெடாமலிருக்க இடும் பனிக்கட்டியும், மருத்துவமனையில் தடுப்பூசி மருந்தைக் காக்கும் குளிர்பெட்டியும், அந்தப் பொறியறிவின் வழிவந்தவை. ஆலை மூடப்படலாம், அதில் பிறந்த அறிவு மூடப்படுவதில்லை. எனவே, பாழடைந்த ஆலையையோ அரவைக்கூடத்தையோ கண்டால், இடிப்பதற்கு முன், “நீ ஏன் இங்கே, இவ்வடிவில் நிற்கிறாய்?” என்று வினவுங்கள். விடை அதன் சுவரிலேயே இருக்கும்.