பார்னட் பள்ளியின் 450 ஆண்டுகளும் எங்கட லெவன் பிளஸும்

வட லண்டனில் இரண்டு தமிழ்ப் பெற்றோர் கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ சந்தித்தால், பிள்ளைகள் இயர் ஃபோர், இயர் ஃபைவ் என்றால், கதை எப்படியும் லெவன் பிளஸில் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் 'கியூஈ' என்ற பெயரும் வரும். ஹை பார்னட்டில் இருக்கிற குயின் எலிசபெத்ஸ் ஆண்கள் பள்ளி. "450 வருஷத்துக் கிராமர் ஸ்கூல், சும்மாவா?" என்று போன மாதம் ஒரு மாமா என்னிடம் சொன்னார். மகன் இயர் ஃபைவ் என்பதால் எனக்கும் அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பள்ளியின் வரலாற்றைத் தேடி வாசித்தேன்.

மாமா சொன்னது பாதிதான் சரி.

பள்ளி தொடங்கியது 1573இல் என்பது உண்மை. லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி கேட்டுக்கொண்டதால் முதலாம் எலிசபெத் அரசி பட்டயம் கொடுத்தார். முதல் கட்டடமான டியூடர் ஹால், வுட் ஸ்ட்ரீட்டில் தேவாலயத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ஹை பார்னட் ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏறினால் நடந்தே போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், செலவில்லை. 1932இல் பள்ளி குயின்ஸ் ரோட்டுக்கு மாறியது.

ஆனால் எங்களுக்குத் தெரிந்த அந்தக் கடுமையான போட்டிச் சோதனை 450 வருஷத்துச் சங்கதி இல்லை. இங்கிலாந்து முழுக்க 11 வயதில் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகே வேரூன்றியது. 1965இல் அரசாங்கம் அதைக் கைவிடச் சொல்லி உள்ளூராட்சி சபைகளைக் கேட்டது. 1971இல் இந்தப் பள்ளியும் கொம்பிரிஹென்சிவ் ஆனது. அதாவது இருபது வருஷத்துக்கும் மேலாக, இன்று நாங்கள் ட்யூஷனுக்குக் காசு கட்டிக் கனவு காணும் பள்ளி, பக்கத்து வீட்டுப் பெடியன் சாதாரணமாகப் போய்ச் சேர்ந்த பள்ளி.

பிறகு 1988ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள் உள்ளூராட்சி சபையை விட்டு வெளியேற வழி திறந்தது. கியூஈ 1989இல் வெளியேறி, 1994இல் மறுபடி கிராமர் ஆனது. 1998இல் வந்த இன்னொரு சட்டம் புதிய கிராமர் பள்ளிகளைத் தடை செய்துவிட்டது. கதவு திறந்திருந்தது பத்து வருஷம்தான், அதற்குள் இந்தப் பள்ளி நுழைந்துவிட்டது. அதே பார்னட்டில், அதே அரசியின் பெயரில் 1888இல் தொடங்கிய பெண்கள் பள்ளி அப்படி மாறவில்லை. அது இன்றும் கொம்பிரிஹென்சிவ்தான். மகள்மார் உள்ள பெற்றோர் இதைக் கவனித்திருப்பீர்கள்.

1971 என்ற ஆண்டைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நின்றேன். பார்னட்டில் சோதனையை எடுத்துவிட்ட அதே காலத்தில்தான் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் 'தரப்படுத்தல்' வந்தது. 1971 அனுமதியில் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவர்களுக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 227 போதும். எங்கட அப்பாமாரின் தலைமுறை, ஹார்ட்லி, யாழ் இந்து, வேம்படி என்று பள்ளிப் பெயரைச் சொல்லும்போதே நிமிர்ந்து உட்காரும் தலைமுறை, சோதனைப் புள்ளியை உயிர் மாதிரிப் பிடித்துக்கொண்டதை இதை வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை நேர்மையாகத் திருத்தப்படும் ஒரு வினாத்தாள் கிடைப்பதே பெரிய விஷயம். நான் பத்து வயதில் ஒரு கிராமர் சோதனை எழுதித் தவறியபோது அப்பா ஏன் இரண்டு நாள் பேசாமல் இருந்தார் என்பது முப்பத்தாறு வயதில்தான் எனக்குப் புரிகிறது. (பக்கத்துக் கொம்பிரிஹென்சிவுக்குப் போய், மாஸ்டர்ஸும் முடித்து, இன்று கோட் எழுதிச் சாப்பிடுகிறேன். அதை அவர் மறந்துவிடுவார்.)

நண்பனின் மகன் கியூஈயில் படிப்பதால் ஒரு ஜூன் சனிக்கிழமை அவர்களின் ஃபவுண்டர்ஸ் டேக்குப் போயிருந்தோம். தேவாலயத்தில் வழிபாடு, பள்ளி முன்றலில் ரோல் கால், பள்ளியின் வரலாற்றை உரக்க வாசித்தல், அதன் பிறகு மைதானத்தில் சந்தை. மகனுக்குச் சந்தை பிடித்தது. எனக்கு அந்த வாசிப்பு பிடித்தது. தங்கள் பள்ளி எங்கிருந்து வந்தது என்று வருஷா வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், என்ன, நாங்கள் அதை இராப்போசனத்தோடு செய்கிறோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். இங்கு எல்லைக்கட்டுப்பாடு இல்லை, எந்த ஊர்ப் பிள்ளையும் எழுதலாம். அதனால்தான் இருநூறுக்கும் குறைவான இடங்களுக்கு மூவாயிரத்துக்கு மேல் எழுதுகிறார்கள். சோதனை செப்டெம்பரில். லண்டன் கவுன்சில் படிவத்தில் ஆறு பள்ளிகள் போடலாம், கடைசி நாள் அக்டோபர் 31. சோதனை முடிவு அதற்கு முன் வந்துவிடும்.

மகனிடம் 1971 கதையைச் சொன்னேன். "அப்ப அந்த நேரம் நான் பிறந்திருந்தா டெஸ்ட் இல்லாமலே போயிருக்கலாமா?" என்று கேட்டான். பக்கத்தில இருந்திருந்தா ஓம் என்றேன். சோதனைக்குப் பதிந்திருக்கிறோம். பக்கத்துப் பள்ளியின் ஓபன் ஈவினிங்குக்கும் போய் வந்தோம், அங்குள்ள விஞ்ஞானக் கூடத்தை விட்டு அவனை இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ஆறு பெட்டிகளில் முதல் இரண்டும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. மனைவியின் வரிசை ஒன்று, என்னுடையது ஒன்று, மகன் ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பது வேறொன்று.