புற்றுநோய் வந்தால் அப்பா ஆக முடியாதா? உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வித்தியாசமான வழக்கில் தீர்ப்பு சொன்னது. திருமணம் ஆகாத 30 வயது இளைஞர் ஒருவருக்கு நிணநீர் மண்டலப் புற்றுநோய். கீமோதெரபி தொடங்கும் முன், 2020 ஜூனில், மருத்துவர்கள் சொன்னபடி அவர் தன் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைத்தார். செப்டம்பரில் இறந்துபோனார். சேமித்ததைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பெற்றோர் வழக்குப் போட, நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பின் சட்டப் பக்கம் நிறைய பேசப்பட்டது. அதற்கு முந்தைய மருத்துவக் கேள்வியை யாரும் அதிகம் பேசவில்லை. சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை எடுத்து வைக்கச் சொல்வது ஏன்?

அம்பாசமுத்திரத்திலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் மகனை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை. "மொதல்ல உசுரு பொழைக்கட்டும், பிள்ளகுட்டியெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்பதுதான் வழக்கமான பேச்சு. சிக்கல் என்னவென்றால், பிறகு பார்க்கும்போது நேரம் கடந்திருக்கலாம். விதைப்பைப் புற்றுநோயும் ஹாட்ஜ்கின் லிம்போமாவும் இளைஞர்களைத் தாக்குபவை. பெரும்பாலும் குணமாகக் கூடியவை. பிழைத்தவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது.

விதைநெல்லும் பயிரும்

விதைப்பைக்குள் மிக மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. இவற்றை விதைநெல் என்று வைத்துக்கொள்ளலாம். அவை பிரிந்து, வளர்ந்து, முழு விந்தணுவாக மாற ஏறத்தாழ 70 நாள் ஆகிறது. வளரும் அணுக்களுக்குச் சோறூட்டுபவை செர்டோலி செல்கள். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பவை லேடிக் செல்கள். இந்த இரண்டுக்கும் உத்தரவு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது.

விந்தணு முதிரும்போது அதன் டிஎன்ஏ, புரோட்டமின் என்ற புரதத்தால் இறுக்கமாகச் சுருட்டிக் கட்டப்படுகிறது. பயணத்துக்கு மூட்டை கட்டுவது போல. கட்டி முடித்த பிறகு டிஎன்ஏவில் கீறல் விழுந்தால் விந்தணுவால் தானாகச் சரிசெய்ய முடியாது. பலவீனம் இங்கேதான்.

மருந்துக்கு முன்பே பாதிப்பா?

ஆம். மருந்தே தொடங்காத நிலையிலும் சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் வேகமும் குறைந்திருக்கும். காரணம் ஒன்றல்ல.

புற்றுநோயை எதிர்க்கும் உடல் இன்டர்லூக்கின், டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது. இவை மூளையிலிருந்து விதைப்பைக்கு வரும் ஹார்மோன் உத்தரவைத் தளர்த்திவிடுகின்றன. மனஉளைச்சலும் எடை இழப்பும் அதே வேலையைச் செய்கின்றன.

சில விதைப்பைக் கட்டிகள் எச்சிஜி என்ற ஹார்மோனைத் தாங்களே சுரக்கின்றன. கர்ப்பப் பரிசோதனையில் தேடுவார்களே, அதே ஹார்மோன்தான். இதனால் ஹார்மோன் அளவுகள் தாறுமாறாகி, 'போதும்' என்று நினைத்து பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திக்கொள்கிறது.

மூன்றாவது, ஆக்சிஜனேற்ற அழுத்தம். விந்தணுவின் மேல்சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். உள்ளே தற்காப்பு நொதிகள் குறைவு. ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகினால் சவ்வு கெடுகிறது, வாலை அசைக்கச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா சோர்கிறது, டிஎன்ஏ இழை துண்டாகிறது. பீடி, சிகரெட் புகையும் இதே அழுத்தத்தைக் கூட்டும். பீடித் தொழில் ஊறிப்போன நம் மாவட்டத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது, காய்ச்சல். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவான சூடு வேண்டும். லிம்போமாவில் வரும் விடாத காய்ச்சல் அதைக் கெடுக்கிறது.

மருந்தும் கதிர்வீச்சும்

வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதுதான் கீமோதெரபியின் வழி. புற்றுச் செல் எது, வளரும் விந்தணு எது என்று மருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லா மருந்தும் ஒரே அளவு கெடுதி செய்வதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வயல்கள் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். பயிர் போனாலும் குலுக்கையில் விதைநெல் இருந்தால் அடுத்த பூ நடலாம். விதைநெல்லும் நனைந்து அழுகினால் என்ன செய்வது? மருந்துகளும் இப்படித்தான். சில மருந்துகள் வளரும் அணுக்களை மட்டும் அழிக்கும்; மாதங்கள் கழித்து உற்பத்தி திரும்பும். சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின் போன்றவை டிஎன்ஏவையே நேரடியாகச் சேதப்படுத்துகின்றன. அளவு கூடினால் ஸ்டெம் செல்லே செத்துவிடும். ஹாட்ஜ்கின் நோய்க்கு முன்பு தந்த, புரோகார்பசின் சேர்ந்த கூட்டு மருந்தால் பெரும்பாலோருக்கு விந்தணு நிரந்தரமாக நின்றுபோனது. இப்போது தரும் ஏபிவிடி கூட்டு மருந்தில் பலருக்கு மீண்டும் வருகிறது.

கதிர்வீச்சும் அப்படியே. விதைப்பையில் 1 கிரே அளவுக்குக் கீழ் பட்டால்கூட எண்ணிக்கை தற்காலிகமாகச் சரியும். 6 கிரேக்கு மேல் போனால் திரும்புவது அரிது. லேடிக் செல்கள் இதைவிடக் கெட்டியானவை. அதனால்தான் மீசை, குரல், தாம்பத்திய உறவு எல்லாம் வழக்கம்போல இருந்தும் விந்தணு மட்டும் இல்லாமல் போகலாம். 'பார்க்க நல்லாத்தானே இருக்கான்' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முன்கூட்டி என்ன செய்யலாம்?

விந்தணுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைப்பதுதான் நிரூபிக்கப்பட்ட வழி. இது புதிய வித்தையும் அல்ல. உறைந்த விந்தணு மூலம் கருத்தரிப்பு 1953-லேயே நடந்துவிட்டது. 1992-ல் இக்சி முறை வந்த பிறகு நிலைமை இன்னும் மாறியது. ஒரு கருமுட்டைக்கு ஒரே ஒரு நல்ல விந்தணு போதும். எனவே 'எண்ணிக்கை கம்மி, சேமிச்சு என்ன புண்ணியம்' என்று விட்டுவிடக் கூடாது. மாதிரியில் விந்தணுவே இல்லாவிட்டாலும், விதைப்பைத் திசுவிலிருந்து நேரடியாக எடுக்க முயல்வதுண்டு.

மாதிரி கொடுக்க ஓரிரு நாள் போதும். பெரும்பாலும் சிகிச்சை தள்ளிப்போகாது. முதல் கீமோ ஏறுவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும். ஏறிய பிறகு எடுக்கும் விந்தணுவில் டிஎன்ஏ சேதம் இருக்கலாம். பருவம் எய்தாத சிறுவர்களுக்கு விந்தணு இன்னும் உருவாகியிருக்காது. அவர்களுக்கான திசு சேமிப்பு இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகு?

உடனே குழந்தைக்கு முயற்சிக்கக் கூடாது. குறைந்தது ஓராண்டாவது காத்திருக்கச் சொல்வது வழக்கம். அதுவரை கருத்தடை அவசியம். பரிசோதனையில் முதல் வருடம் பூஜ்யம் வந்தாலும் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. சிலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து உற்பத்தி திரும்பியிருக்கிறது. அப்பாவுக்குப் புற்றுநோய் வந்ததாலேயே பிள்ளைக்கும் வரும் என்ற பயமும் வேண்டாம். பரம்பரையாக வரும் சில வகைகளைத் தவிர மற்றவற்றில் அப்படி இல்லை.

விந்தணு சேமிப்பு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை; செலவும் உண்டு. அருகில் எங்கே வசதி இருக்கிறது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேட்பது நல்லது. "டாக்டரய்யா, இந்த மருந்தால பையனுக்குப் பிற்காலத்துல குழந்தை பிறக்கதுல சிக்கல் வருமா? முன்னாடியே விந்தணு எடுத்து வைக்கணுமா?" கூச்சத்தால் பையன் கேட்கமாட்டான். அப்பாவோ அண்ணனோ கேட்டுவிடலாம். கேட்க வேண்டிய நாள், முதல் மருந்து ஏறும் நாளுக்கு முந்தைய நாள் வரைக்கும்தான்.