கரும்புத் தீவின் தமிழர்: மொரீசியஸ் வரலாறு

நாம் கூடியிருக்கும் இப்பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் இணைந்தே பங்சார் ஆயிற்று என்பர். ஆயினும் ரப்பருக்கு முன்னரே தமிழரைக் கடல்கடத்திய பயிர் கரும்பு. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். அதே நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலின் மறுகோடிக்குச் சென்றோரின் வரலாற்றை நம் மாணவர் அறிவதில்லை.

மொரீசியஸ் தீவில் பூர்வ குடிகள் எவரும் இலர். 1638இல் குடியேறிய ஒல்லாந்தர் கரும்பைக் கொணர்ந்தனர். 1710இல் தீவைக் கைவிட்டனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் அதனைத் தமதாக்கினர். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுகப் பணிகளுக்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். ஆகவே அங்குத் தமிழரின் வரலாறு ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது. இச்செய்தி பெரிதும் மறக்கப்படுகிறது.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். ஆயினும் பிரெஞ்சு மொழியும் சட்டமும் தோட்ட முதலாளிகளின் உடைமையும் மாறவில்லை. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகள் அல்லர். அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களே! விடுதலையடைந்தோர் தோட்டங்களை விட்டகன்றனர். அவ்விடத்தை நிரப்ப இந்தியர் கொணரப்பட்டனர். 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ கப்பல் 36 பேருடன் போர்ட் லூயிஸ் வந்தடைந்தது. அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இறங்கினர். பெரும்பாலோர் பீகார்ப் பகுதியினர். சென்னை மாகாணத்தாரும் கணிசமாக இருந்தனர். ஒரு நாள் வேலைக்கு வராதவர் இரு நாள் கூலியை இழக்கும் ‘இரட்டை வெட்டு’ முறை அவர்களை வாட்டியது. 

1968 மார்ச் 12இல் சிவசாகர் ராம்கூலம் தலைமையில் தீவு விடுதலை பெற்றது; 1992இல் குடியரசாயிற்று. அதன் முதல் அதிபர் வீராசாமி ரிங்காடு.

இனி மொழிக்கு வருவோம். அங்குள்ள தமிழர் தைப்பூசக் காவடி எடுக்கின்றனர். அந்நாள் அங்குப் பொது விடுமுறை. வீட்டில் பேசுவதோ பெரும்பாலும் கிரியோல். மலாயாவில் தமிழ் நிலைக்க, அங்கு அது தளர்ந்தது ஏன்? போஜ்புரி பேசுவோரிடையே தமிழர் சிறுபான்மையினர். கல்வி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அமைந்தது. தாயகப் போக்குவரத்தும் முன்னரே அற்றுப்போனது. மலாயாவிலோ 1938 வரை கங்காணி முறையால் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தனர். அன்றியும், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. என் கணிப்பில் பள்ளியே முதன்மைக் காரணம். அத்தகரக் கொட்டகைப் பள்ளிகளைக் குறைத்து மதிப்பிடலாகாது.

மொரீசியஸ் பணத்தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் எழுத்து இடம்பெறுகிறது. 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் இந்தி முன்னும் தமிழ் பின்னுமாக வரிசை மாறியது. கிரியோல் பேசும் தமிழரே எதிர்த்துத் திரண்டனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின. ஆசிரியர்கள் அப்பணத்தாளின் படமொன்றை வகுப்பில் காட்டி, தத்தம் பாட்டனார் எந்தத் தோட்டத்திற்கு வந்தார் என்று கேட்டுவருமாறு மாணவரை வீட்டுக்கு அனுப்பலாம்.