கோழிக்குஞ்சுகளுக்குக் கறையானும் பூச்சிகளும்: பாதுகாப்பாகச் சேகரிக்கும் முறைகள்

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்கும் சிறு விவசாயிகளின் வீடுகளில் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் நொய்யும் கம்பும்தான் தீவனம். வளரும் குஞ்சின் தீவனத்தில் சுமார் 20 சதம் புரதம் இருக்க வேண்டும். அரிசி நொய்யிலோ 7 முதல் 8 சதமே உள்ளது. இக்குறையைச் செலவின்றி ஈடுசெய்யக் கறையான், ஈசல், வெட்டுக்கிளி ஆகியவை உதவுகின்றன. ஆனால் மருந்து தெளித்த வயலிலிருந்து ஒரு பிடி பூச்சியைக் கொண்டுவந்து போட்டால், ஓர் ஈட்டுக் குஞ்சுகள் முழுவதும் ஒரே நாளில் மடிந்துவிடக்கூடும். எனவே சேகரிக்கும் முறையை அறிந்துகொள்வது அவசியம்.

கறையான் பிடித்தல்

ஒரு பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துண்டுகள் ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து ஈரமாக்க வேண்டும். கறையான் நடமாட்டம் உள்ள தரிசு நிலத்தில் மாலையில் இப்பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இருட்டும் ஈரமும் நார்ப்பொருளும் ஒருங்கே இருப்பதால் இரவில் கறையான்கள் ஏறிவிடும். மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகள் முன் உதறிவிடலாம். பானையடியில் தேளோ பாம்போ ஒதுங்கியிருக்கலாம். ஆகவே கையை நுழைக்காமல் நீண்ட கம்பால் பானையைப் புரட்டவும். வீட்டு மரச்சாமான்களுக்கு அருகில் பானை வைப்பதைத் தவிர்க்கவும்.

ஈசலும் வெட்டுக்கிளியும்

மழைக்குப்பின் மாலையில் விளக்கடியில் நீர் நிரப்பிய அகன்ற தட்டை வைத்தால் ஈசல்கள் விழும். வெட்டுக்கிளிகள் அதிகாலைக் குளிரில் சுறுசுறுப்பின்றி இருக்கும். அப்போது வரப்புப் புல்லில் வலை வீசிப் பிடிப்பது எளிது. பெரியவற்றின் முள்கால்களை நீக்கிவிட்டுக் கொடுக்கவும்.

மருந்து நஞ்சு

தம் வயலில் தெளிக்காவிட்டாலும், அடுத்த வயலில் தெளித்திருந்தால் பூச்சிகள் அங்கிருந்து வந்திருக்கலாம். பக்கத்து நிலத்தாரை விசாரித்த பின்னரே பிடிக்க வேண்டும். தள்ளாடும் பூச்சி, செத்துக் கிடக்கும் பூச்சி இவற்றைத் தொடவே கூடாது. குளோர்பைரிபாஸ் ஊற்றிய புற்றிலும், கட்டட அடித்தளத்திலும் கறையான் எடுக்கக் கூடாது. 1996-ல் தடைசெய்யப்பட்ட ஆல்டிரின், 1997-ல் தடைசெய்யப்பட்ட பி.எச்.சி. போன்றவை மண்ணில் நெடுங்காலம் தங்கும் தன்மையுடையவை. அவற்றை முன்பு மிகுதியாக இட்ட நிலத்தையும் ஒதுக்குவது நல்லது.

ஒதுக்க வேண்டிய பூச்சிகள்

எருக்கஞ்செடியைத் தின்னும் மஞ்சளும் நீலமும் கலந்த வெட்டுக்கிளி, அச்செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. துவரை, வெண்டைப் பூக்களில் காணும் கருப்பு, செம்மஞ்சள் பட்டைகளையுடைய கொப்புள வண்டின் நீர் நம் தோலிலேயே கொப்புளம் எழுப்பும். கம்பளிப்புழுக்களின் ரோமம் குஞ்சின் வாயையும் தொண்டையையும் உறுத்தும். எறும்பு, சாணவண்டு, வீட்டு ஈ ஆகியவை நாடாப்புழுவைப் பரப்புகின்றன. செத்த பிராணிகளில் நெளியும் புழுக்களைத் தின்றால் கழுத்துத் துவண்டு குஞ்சுகள் இறக்க நேரிடும்.

கொடுக்கும் முறை

கறையானில் புரதத்துடன் கொழுப்பும் மிகுதி. ஆதலால் இது துணைத் தீவனமே. சில நிமிடங்களில் கொத்தித் தீர்க்கும் அளவே போடவும். மிச்சத்தை அப்புறப்படுத்தவும். புதிய இடத்திலிருந்து பிடித்ததை முதலில் ஓரிரு குஞ்சுகளுக்கு மட்டும் கொடுத்து, ஒரு நாள் கவனித்த பிறகு மற்றவற்றுக்குக் கொடுக்கவும். வாயில் நீர் ஒழுகுதல், நடுக்கம், கால் துவளுதல், மூச்சுத் திணறல் தென்பட்டால் பூச்சி கொடுப்பதை உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அணுகவும். தெளித்த மருந்தின் பெயரைத் தெரிவித்தால் மாற்று மருந்து கொடுப்பது எளிதாகும்.

உழவர் பெருமக்கள் இம்முறைகளைக் கடைப்பிடித்து, தீவனச் செலவைக் குறைத்து, குஞ்சுகளையும் காத்துப் பயனடையலாம்.