நகத்தில் பதிந்த சாட்சி

சார்லஸ் பிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் 1871-ல் 'போலாரிஸ்' கப்பலில் வட துருவம் தேடிப் புறப்பட்டார். அக்டோபர் 24 அன்று பனிவண்டிப் பயணம் முடித்துக் கப்பலுக்குத் திரும்பி ஒரு கோப்பை காபி குடித்தார். சற்றைக்கெல்லாம் வாந்தி, வயிற்றுவலி. தனக்கு யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் புலம்பினார். கப்பல் டாக்டர் எமில் பெசல்ஸைச் சில நாள் அண்டவே விடவில்லை. அப்போது உடம்பு தேறியது. மறுபடி சிகிச்சைக்கு இசைந்தார். நவம்பர் 8-ல் இறந்தார். விசாரணையில் இயற்கை மரணம் என்று முடித்துவிட்டார்கள்.

ரயில்வேயில் விபத்து விசாரணை என்றால் ஆட்களின் வாக்குமூலத்தைவிட முறிந்த தண்டவாளத்தின் முகத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். 1968-ல் பேராசிரியர் சான்சி லூமிஸ் செய்ததும் அதுவே. கிரீன்லாந்தில் உறைந்து கிடந்த கல்லறையைத் திறந்து முடியும் நகமும் எடுத்துவந்தார். நகம் நாளுக்குச் சுமார் 0.1 மி.மீ. வளரும், நுனி பழைய கணக்கு, அடி புதிய கணக்கு. கடைசி இரண்டு வாரத்தில் ஹாலின் உடம்பில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் ஏராளமாகச் சேர்ந்திருந்தது!

அந்நாளில் பாஷாணம் மருந்தாகவும் புழங்கியது. அவரே உட்கொண்டிருக்கலாம் என்பாரும் உண்டு. ஆனால் டாக்டரை விலக்கிய நாட்களில் மட்டும் தேறினாரே, அதை என்னால் ஒதுக்க முடியவில்லை.