குறைமதிப்பு நாணயங்களின் தரப்படுத்தல்

குறைமதிப்பு நாணயங்களின் தரப்படுத்தல் என்பது, சந்தையில் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் சேகரிப்பு நாணயங்களைக் கட்டணம் செலுத்தித் தரச்சான்று பெற்று, நெகிழி உறையில் அடைத்து வைப்பதைக் குறிக்கும். இவ்வகை நாணயங்களில், தரப்படுத்துவதற்கு ஆகும் செலவு நாணயத்தின் விலையையே விஞ்சிவிடுவது உண்டு. இச்சிக்கல் ஐக்கிய அமெரிக்காவின் நாணயச் சந்தையில் மிகத் தெளிவாகக் காணப்படுகிறது.

வரலாறு

ஒரு நாணயத்தின் விலை அதன் அரிதான தன்மையை மட்டுமன்றி, தேய்மானம், கீறல், பளபளப்பு ஆகியவற்றையும் பொறுத்தது. 1949 ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்பவர், அமெரிக்காவின் பழைய பெரிய செப்புச் சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையான அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். இன்னதென்று அடையாளம் காண மட்டுமே இயலும் அளவுக்குத் தேய்ந்த நாணயம் 1 எனவும், குறையற்ற நாணயம் 70 எனவும் மதிப்பிடப்படும். 60 முதல் 70 வரையான எண்கள் புழக்கத்திற்கு வராத நாணயங்களுக்கு உரியவை. இவ்வளவுகோல் பின்னர் பிற நாணயங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

எனினும், தரத்தை விற்பவரே முடிவு செய்ததால் பூசல்கள் எழுந்தன. விற்கும்போது 65 எனக் கூறப்பட்ட நாணயம், அதே வணிகரிடம் திரும்ப விற்கச் செல்கையில் 63 ஆகக் குறைந்துவிடும். இதனைத் தவிர்க்க, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பினரின் மதிப்பீடு தேவைப்பட்டது. அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சான்றளிப்புச் சேவை, தொடக்கத்தில் ஒளிப்படத்துடன் கூடிய சான்றிதழ்களை வழங்கியது. ஆனால், சான்றிதழை ஒரு நாணயத்திலிருந்து பிரித்து மற்றொன்றுடன் சேர்த்துவிட முடியும். 1986 இல் செயற்படத் தொடங்கிய பிசிஜிஎஸ் நிறுவனமும், 1987 இல் தோன்றிய என்ஜிசி நிறுவனமும் நாணயத்தையும் தரச்சீட்டையும் ஒரே கெட்டியான நெகிழி உறைக்குள் அடைத்து இக்குறையை நீக்கின. இவ்வுறையைச் சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என அழைக்கின்றனர்.

செலவும் பயனும்

தரப்படுத்தும் கட்டணத்துடன் அஞ்சற் செலவு, காப்பீடு ஆகியவையும் சேரும். எடுத்துக்காட்டாக, உறையின்றி 40 டாலருக்கு விற்கும் நாணயம் ஒன்று உறையிட்டபின் 60 டாலருக்கு விற்பதாகக் கொள்வோம். மொத்தச் செலவு 35 டாலர் எனில், மதிப்பு 20 டாலர் உயர்ந்தும் உரிமையாளருக்கு 15 டாலர் இழப்பே ஏற்படுகிறது. பெரும் வணிகர்கள் மொத்தமாக அனுப்பிக் கட்டணச் சலுகை பெறுவர். மலிவான நாணயங்களும் உறைகளில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒன்றிரண்டு நாணயங்களை மட்டும் வைத்திருக்கும் தனியாருக்கு இச்சலுகை கிட்டுவதில்லை.

எடுத்துக்காட்டுகள்

இருநூற்றாண்டுக் கால் டாலர்: 1776-1976 என இரட்டை ஆண்டு பொறிக்கப்பட்ட இந்நாணயம், புழக்கத்திற்காக மட்டும் 160 கோடிக்கும் மேல் அச்சிடப்பட்டது. சில்லறையில் கிடைக்கும் தேய்ந்த நாணயத்தின் மதிப்பு பெரும்பாலும் 25 சென்ட் மட்டுமே.

1964 கென்னடி அரை டாலர்: அதிபர் கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டதை அடுத்து வெளியானதால், மக்கள் இதனை நினைவுப் பொருளாகப் பாதுகாத்தனர். ஏறத்தாழ 43 கோடி நாணயங்கள் புழக்கத்திற்கென வெளியாயின. இதன் எடை 12.5 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. ஆகவே, சாதாரண நிலையில் உள்ளதன் விலை பெரும்பாலும் அதிலுள்ள வெள்ளியின் விலையே.

1921 மார்கன் டாலர்: நூறாண்டுப் பழமை இருந்தும் அரிதானதன்று. அவ்வாண்டில் மட்டும் 8 கோடிக்கும் மேல் அச்சிடப்பட்டது. பழமை வேறு, அருமை வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

வெள்ளிக் கழுகு: 1986 முதல் வெளிவரும் இவ்வெள்ளி நாணயங்கள் அச்சகத்திலிருந்து நல்ல நிலையிலேயே வெளிவருகின்றன. எனவே 69 என்னும் தரம் மிகச் சாதாரணமானது. 69 க்கும் 70 க்கும் உள்ள வேறுபாட்டை வெறும் கண்ணால் உணர்வது கடினம். ஆனால் விலை வேறுபாடு கணிசமானது.

தரப்படுத்தல் தகுந்த இடங்கள்

போலிகள் மிகுந்த நாணயங்களுக்குச் சான்று இன்றியமையாதது. 1909 இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சிடப்பட்டு, வடிவமைப்பாளரின் முதலெழுத்துகளான வி.டி.பி. பொறிக்கப்பட்ட லிங்கன் சென்ட் 4,84,000 மட்டுமே. பிலடெல்பியாவில் அச்சான பொதுவான சென்ட்டில் "எஸ்" குறியை ஒட்டிப் போலி செய்வதுண்டு. இத்தகைய நாணயத்தில் எண் தரத்தைக் காட்டிலும் உண்மைத்தன்மைக்கே மக்கள் பணம் தருகின்றனர்.

தேய்த்துத் துலக்கிய நாணயத்திற்குப் பெரிய நிறுவனங்கள் வழக்கமான எண் தரம் அளிப்பதில்லை. குறையைச் சுட்டும் சீட்டுடனேயே உறையிடுகின்றன. பாட்டனார் விட்டுச் சென்ற நாணயத்தைப் பளபளப்பாக்கி அனுப்புபவர், கட்டணத்தோடு நாணயத்தின் மதிப்பையும் இழக்கிறார்.

உறை ஒரு நாணயத்தை அரிதாக்குவதில்லை. கண்டிப்பற்ற சில நிறுவனங்கள் தகுதிக்கு மீறிய தரம் அளிப்பதால், "உறையை அன்று, நாணயத்தை வாங்கு" என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் அறிவுரையாகும். விற்பனை நோக்கமின்றிப் பாதுகாக்க மட்டும் விரும்புவோருக்கு, பிவிசி கலவாத மலிவான கூடுகளே போதுமானவை. பிவிசி கலந்த மென்னுறைகள் நாளடைவில் நாணயத்தின் மீது பச்சை நிறப் படிவை ஏற்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

நாணயவியல்
நாணயச் சேகரிப்பு
லிங்கன் சென்ட்