பிடிபடாத நாயின் கணக்கு

தெருநாய்களைப் பற்றி நம் ஊரில் நடக்கும் வாக்குவாதம் எப்போதும் இரண்டு முனைகளில் முட்டி நின்றுவிடுகிறது. கடிபட்ட குழந்தைக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு தரப்பு கேட்கும். வாயில்லா ஜீவனை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று மறுதரப்பு கேட்கும். சட்டம், நீதிமன்றம், கருணை எல்லாம் பேசி முடித்த பிறகு, காலையில் வலையை எடுத்துக்கொண்டு வண்டியேறுகிறவர்கள் சில பேர்தான்: ஓர் ஓட்டுநர், நாய் பிடிக்கும் பணியாளர்கள் சிலர், அவர்களுக்கு மேலே மாநகராட்சியின் கால்நடை மருத்துவர் ஒருவர். எந்தத் தீர்ப்பும் எந்த அரசாணையும் கடைசியில் இவர்கள் கை வழியாகத்தான் தெருவுக்கு வந்தாக வேண்டும். ஆகவே, வண்டி திரும்பியதும் அந்த மருத்துவர் தம் ஆட்களிடம் என்ன கேட்கிறார் என்பது சின்ன விஷயம் அல்ல. “இன்று எத்தனை பிடித்தீர்கள்?” என்று கேட்பது ஒரு வகை மேற்பார்வை. “எந்தத் தெருவில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள்?” என்று கேட்பது இன்னொரு வகை. முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் நகரம் எவ்வளவு செலவு செய்தாலும் நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்காது என்பதே என் வாதம்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் வந்த சென்னை மாநகராட்சியின் கணக்கெடுப்பு, நகரத் தெருக்களில் சுமார் 1.81 லட்சம் நாய்கள் இருப்பதாகவும், அவற்றில் கருத்தடை ஆனவை 27 விழுக்காடு அளவே என்றும் சொன்னது. பத்தில் ஏழு நாய்களுக்காவது கருத்தடை ஆக வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இலக்கு. அதை எட்ட அப்போது ஏறக்குறைய 78,000 நாய்கள் மிச்சம் இருந்தன; இடையில் பிறப்பவை தனி. இதைக் கேட்டதும் வண்டியைக் கூட்டு, ஆளைக் கூட்டு, கருத்தடை மையத்தைக் கூட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 27 என்பது நகரம் முழுவதற்குமான சராசரி. அந்தச் சராசரிக்குள் பத்துக்கு எட்டு நாய்களின் காதில் கருத்தடைக்கான வெட்டு அடையாளம் உள்ள தெருவும் இருக்கலாம், ஒன்றில்கூட இல்லாத தெருவும் இருக்கலாம். அடுத்த ஆண்டுக்கான நாய்கள் பிறக்கப்போவது அந்த இரண்டாவது தெருவில்.

ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். 1913 என்ற எண்ணில் ஒருவர் புகார் சொல்கிறார், புகார் மண்டலத்துக்குப் போகிறது, வண்டி புறப்படுகிறது. வண்டியின் சத்தமே பல நாய்களுக்குத் தெரியும். ஒருமுறை வலையில் விழுந்து திரும்பிய நாயும், அதைப் பக்கத்தில் நின்று பார்த்த நாயும் தெரு முனையில் வண்டி தென்பட்டதுமே மாயமாகிவிடும். புகாருக்குக் காரணமான நாய் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். அகப்படுவது டீக்கடை வாசலில் பிஸ்கட் தின்று படுத்திருக்கும் சாதுவான ஆண் நாய். பதிவேட்டில் அதுவும் ஒன்று, ஓடிப்போனதும் கிடைத்திருந்தால் ஒன்று. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயைப் பிடிக்கக் கூடாது என்பது விதி, நியாயமான விதி. ஆனால் குட்டிகள் பால் மறந்த பிறகு அதே தாயைத் தேடி அந்தத் தெருவுக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது குறித்து வைத்தால்தானே வண்டி திரும்பும்? பத்து நாய்கள் உள்ள தெருவில் ஏழு ஆண் நாய்களையும் பிடித்து, மூன்று பெட்டைகளையும் விட்டுவிட்டால், காகிதத்தில் 70 விழுக்காடு முடிந்துவிட்டது. ஓர் ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டிகள் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துத் தெரு ஆண் நாய் ஒன்று வந்து போனாலே அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டுக் குட்டிகள். பதிவேடு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொன்னது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிடமே ஒரு நீண்ட சாட்சியம் இருக்கிறது. இங்கே மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-ல் என்றும், 1990-களின் நடுவில் அது ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை போயிற்று என்றும் புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். ஒரு நூற்றாண்டைத் தாண்டி நடந்த அந்த வேலையில் பணியாளர்கள் சோம்பியிருந்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. கொல்ல வேண்டிய நாய்கள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன என்றால் திட்டம் தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? பதிவேட்டிலோ அது சாதனையாக ஏறியது. 1996-ல் நகரின் ஒரு பகுதியில் கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாநகராட்சி ஒப்புக்கொண்டது. 2001-ல் நாடு முழுவதற்கும் கருத்தடை விதிகள் வந்தன. 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன. முறை அடியோடு மாறிவிட்டது. தலையை எண்ணும் பழக்கம் மட்டும் புதிய முறைக்கும் கூடவே வந்துவிட்டது.

கோவாவில் நடந்தது வேறு. அங்கே மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. அந்த எண்ணைவிடச் செய்த விதம்தான் கவனிக்கத்தக்கது. மாநிலத்தைச் சிறு சிறு பகுதிகளாக வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இன்ன பகுதி என்று கைப்பேசியிலேயே ஒதுக்கினார்கள். ஊசி போட்ட ஒவ்வொரு நாயும் இருந்த இடத்தோடு பதிவானது. போட்டதற்கு அடையாளமாக வண்ணம் பூசினார்கள். அதன் பிறகு தெருத்தெருவாகச் சுற்றி, வண்ணம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணினார்கள். குறைவாக இருந்த பகுதிக்குக் குழு திரும்பப் போனது. நாய்களிடையே ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது என்று 2022-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே ரேபிஸ் கட்டுப்பாட்டில் உள்ள மாநிலமாகக் கோவா அறிவிக்கப்பட்டிருந்தது. தடுப்பூசியும் கருத்தடையும் ஒன்றல்ல. அறுவை சிகிச்சைக்கு மருத்துவர், கூண்டு, நாட்கள் எல்லாம் வேண்டும். சிறிய மாநிலம் என்ற சலுகையும் கோவாவுக்கு உண்டு. இருந்தாலும், விட்டுப்போனதை எண்ணுவது என்ற அந்த ஒரு பழக்கத்துக்குப் பெரிய பணமோ புதிய சட்டமோ தேவைப்படவில்லை.

கருத்தடை செய்த நாயைத் திரும்ப விடுவதிலும் இதே கதைதான். பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்ற விதியைப் பலர் நாய்க்குச் செய்யும் உபகாரமாக நினைக்கிறார்கள். அதில் மனிதருக்கே லாபம் அதிகம். தெரியாத தெருவில் இறக்கிவிடப்பட்ட நாய் அங்குள்ள கூட்டத்தோடு சண்டையிடும், மிரளும், கடிக்கும். காலியான பழைய இடத்துக்குக் கருத்தடை ஆகாத வேறொன்று வரும். ஆனால் நேரமாகிவிட்ட மாலையில், நாலு தெரு தள்ளி இறக்கிவிட்டு மையத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற சபலம் எந்த வண்டிக்கும் வரக்கூடியதே. கழுத்துப்பட்டை எண், பிடித்த இடத்தின் குறிப்பு, விட்ட இடத்தின் படம் ஆகிய மூன்றையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சபலம் அடங்கும். மையங்களில் அகற்றிய உறுப்புகளை எண்ணி அறுவை சிகிச்சைக் கணக்கைச் சரிபார்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அறுவை அறைக்குள் இருக்கும் அந்தக் கறார் வண்டிக்கும் வந்தால் போதும்.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, புகார் சொன்னவருக்கு என்ன பதில் என்பது. கவுன்சிலர் தொலைபேசியில் கூப்பிடும்போது “உங்கள் பகுதி மூன்றாவது மாதம் வருகிறது” என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? உண்மையான நெருக்கடிதான். கடித்த நாய்க்கும் வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் நாய்க்கும் அன்றே ஆள் போக வேண்டும். அதற்கென ஒரு குழுவைத் தனியே நிறுத்த வேண்டும். மற்றக் குழுக்களைப் புகாருக்குப் பின்னால் ஓடவிடாமல் பகுதி பகுதியாக முடிக்கவைப்பது மேற்பார்வையாளரின் பிடிவாதத்தைப் பொறுத்தது. எல்லா வண்டியும் எல்லாப் புகாருக்கும் ஓடினால், புகார் சொல்லத் தெரிந்த தெருக்கள் மட்டும் கவனிக்கப்படும்.

இத்தனை தொல்லை எதற்கு, எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிடலாமே என்பார்கள் சிலர். டெல்லி வட்டாரத்துக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் அப்படித்தான் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. காப்பகத்துக்கு 500 நாய்கள் என்று வைத்தாலும் சென்னைக்கு 360-க்கு மேல் காப்பகங்கள் வேண்டும். கட்டியே விட்டாலும், அவற்றை நிரப்பப்போவது அதே வண்டி, அதே வலை. டீக்கடை நாய் உள்ளே போகும். வண்டியைக் கண்டு ஓடும் பெட்டை வெளியே குட்டி போடும்.

எனக்கு வலுவாகத் தோன்றும் மறுப்பு வேறொன்று. சொற்பச் சம்பளத்தில் கடிபட்டு வேலை செய்கிறவர்கள் மீது கைப்பேசியையும் வரைபடத்தையும் ஏவி வேவு பார்ப்பது நியாயமா? நாய்க்குச் சோறு வைப்பவர் இவர்களைக் கொடியவர்கள் என்கிறார். நாயால் அவதிப்படுபவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்கிறார். நடுவில் நின்று திட்டு வாங்குவதற்குத் தனிப் படி ஏதும் கிடையாது. ஆனால் தலைக்கணக்குதான் இவர்களை அதிகம் வதைக்கிறது. எண்ணிக்கை குறைந்த நாளில் காரணம் கேட்கப்படுவது பணியாளரிடம். அன்று அவர் போன தெரு எவ்வளவு கடினமானது என்பது பதிவேட்டில் இல்லை. பகுதிக் கணக்கு வந்தால் அந்தக் கடினம் காகிதத்தில் ஏறும். அதிகாலை வேளை வேண்டும், பொறிக்கூண்டு வேண்டும், அந்தத் தெருவில் சோறு வைக்கும் அம்மாவின் உதவி வேண்டும் என்று கேட்க அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். கேட்டதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு மருத்துவரிடம் போய்ச் சேரும். கடிபடுமுன்பே போட வேண்டிய ரேபிஸ் தடுப்பூசி ஒப்பந்தப் பணியாளர் உட்பட ஒவ்வொருவருக்கும் போடப்பட்டதா என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்க வேண்டிய பத்தி.

2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது. வேலி கச்சிதமாக அமையாத பள்ளி வளாகம் ஒன்றைக் காலி செய்தால், சத்துணவுக் கூடத்தின் மிச்சத்தைத் தேடி அடுத்த தெரு நாய்கள் வரத்தான் செய்யும். அவை கருத்தடையும் தடுப்பூசியும் ஆனவையா என்பது, பள்ளிக்கு வண்டி போவதற்கு முன் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போனதா என்பதைப் பொறுத்தது. அந்த வரிசையை நீதிமன்ற உத்தரவு சொல்லாது. மண்டலத்தில் வண்டிகளைப் பிரித்து அனுப்பும் அந்தக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும்.